சுவர் ஸ்விட்சில் அணைக்காதீர்கள், பிரிண்டரின் பட்டனில் அணையுங்கள்

ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் தலையை பிரிண்டரே சுத்தம் செய்யும் வசதி) கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்கள் இங்க் டேங்க் பிரிண்டர் மூன்று நாள் சும்மா இருந்தாலே கறுப்பில் வெள்ளைக்கோடு விழுகிறது, இரவில் சுவர் ஸ்விட்சில் அணைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்த ஸ்விட்சில்தான்.

பிரிண்டரின் பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அப்புறம்தான் விளக்கு அணையும். நடுவில் கரன்ட் போனால் மூடி சரியாகப் பொருந்தாமல் நாசில் (ஹெட்டில் மை வரும் நுண்துளை) முனையில் மை காய்ந்துவிடும்.

சில பெரிய போஸ்டர் பிரிண்டர்களில் ஒவ்வொரு நாசிலும் துளி விடுகிறதா என்று ஒளியால் பார்க்கும் சென்சார் உண்டு. வீட்டு இங்க் டேங்க் மாடல்களில் பெரும்பாலும் அது கிடையாது. கடைசியாக எப்போது அச்சடித்தது என்ற நேரக் கணக்கை வைத்தே தானாகச் சுத்தம் செய்துகொள்ளும். அடைப்பை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1. நாசில் செக் தாள் (எந்த நாசிலில் மை வரவில்லை என்று காட்டும் சோதனை அச்சு) ஒன்று எடுங்கள்.
2. பட்டனில் அணைத்து 12 மணி நேரம் விடுங்கள்.
3. இன்னொரு தாள் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அதே இடத்தில் கோடு விட்டிருந்தால் காய்ந்த மை. ஒரு தடவை மட்டும் கிளீனிங் கொடுங்கள். இடம் மாறி மாறி விட்டிருந்தால் மை வரும் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ரப்பர் மூடியின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே போதும், காற்று உள்ளே போய்விடும்.

ஒன்றில் கவனம்: ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சி அடியில் உள்ள கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. அது நிறைந்தால் பிரிண்டர் அச்சடிக்கவே மறுக்கும்.