கன்று தொங்கவில்லையே, வாங்கலாமா?

கேள்வி: புல்தரை நடுவே, கிளைகள் தொங்கும் பெரிய ஊசியிலை மரம் ஒன்றை மட்டும் தனியாக வளர்க்க ஆசை. நர்சரியில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ஆள் உயரம், குடை மாதிரி அழகாகத் தொங்குகிறது, விலை அதிகம். இன்னொன்று முழங்கால் உயரம், விலை குறைவு, ஆனால் தொங்கவே இல்லை. “ப்ரூவர் ஸ்ப்ரூஸ் சார், போகப்போகத் தொங்கும்” என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: சின்னக் கன்று விஷயத்தில் அவர் சொல்வது சரி. அமெரிக்காவின் ஓரிகன், கலிபோர்னியா எல்லையில் உள்ள மலைகள்தான் ப்ரூவர் ஸ்ப்ரூஸின் தாயகம். விதையில் வளர்த்த கன்று இளவயதில் சாதாரண ஸ்ப்ரூஸ் போலவே நிற்கும். தொங்கத் தொடங்கப் பல வருடங்கள் பிடிக்கும். பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

எனக்குச் சந்தேகம் அந்த விலை அதிகமான கன்றின் மேல்தான். அது ஒட்டுக்கன்றாக இருக்கலாம், அதாவது வேறொரு செடியின் வேர்த்தண்டில் (வேர்ச்செடியில்) தொங்கும் வகையின் கிளையை ஒட்டியது. ஒட்டு போட்ட இடம் எங்கே என்று தண்டைத் தடவிப் பாருங்கள். பட்டையின் நிறம் மாறும், லேசாகப் புடைத்திருக்கும். அது உச்சியில் இருந்தால் மரம் அதற்கு மேல் அதிகம் உயராது, பக்கவாட்டில்தான் பரவும். இன்று பார்க்கும் உயரத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஒட்டு தரையை ஒட்டி இருந்து, நடுக்குருத்தைக் குச்சியில் கட்டி மேலே ஏற்றியிருந்தால் அது வளரும். தொங்கும் நீல அட்லஸ் சீடர் என்ற ஊசியிலை மரத்தை அப்படித்தான் ஏற்றுவார்கள். கட்டாமல் விட்டால் தரையில் படர்ந்துவிடும்.

ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் துளிர், தொங்காது. விட்டால் ஒட்டையே அமுக்கிவிடும்.

எதை வாங்கினாலும் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. வேர்கள் தடித்து வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம்.

இடமும் முக்கியம். இமயமலைத் தேவதாருவின் கிளை நுனிகள் இயல்பாகவே தொங்கும், ஆனால் காட்டில் 40 மீட்டரைத் தாண்டும் மரம் அது. பெரிதானபின் வெட்டிச் சிறிதாக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வகை மரங்களில் இலையில்லாத பழைய கிளையை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது, மொட்டையாகவே நிற்கும்.

பில்லில் மரத்தின் தாவரவியல் பெயரோடு, ஒட்டா விதைக்கன்றா என்பதையும் எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் “ஊசியிலைச் செடி – 1” என்ற பில் எதற்கும் உதவாது.