இரண்டாவது பப்பை எடுக்க முன்

தம்பி, அண்ணாவும் நீங்களும் ஒரு பப்பை எடுத்து, நல்ல கிச்சன் போட்டு, அதே டவுனில் மூன்று நாலாகப் பெருக்க நினைக்கிறீர்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல எண்ணம். பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக், வெஸ்ட் ப்ரோம்விச் பக்கம் பஞ்சாபி ஆட்கள் நொடிந்து கிடந்த பப்புகளை எடுத்து, பியரும் மிக்ஸ்ட் கிரில்லுமாக நிமிர்த்தியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் லைசன்ஸ் சட்டம் வேறு.

என்ன விசா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்ய முடியாது. ஸ்கில்ட் வேர்க்கர் (வேலை) விசா என்றால் இமிக்ரேஷன் சொலிசிட்டரைக் கேட்காமல் கம்பனி பதிய வேண்டாம்.

அடுத்தது லீஸ். விளம்பரத்தில் வாடகை குறைவாகத் தெரியும் பப்புகளில் அநேகமானவை 'டை' உள்ளவை. அதாவது பியரைப் பப்பின் சொந்தக்காரக் கம்பனியிடமே, அது சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். 11 கலன் கெக்கில் (பியர் வரும் உலோகப் பீப்பாய்) 88 பைன்ட் இருக்கும். வெளிச்சந்தையை விட கெக்குக்கு 60 பவுண்ட் கூட என்று வையுங்கள்: பைன்டுக்கு 68 பென்ஸ் போகிறது. கிழமைக்குப் 10 கெக் விற்றால் வருடத்துக்கு 31,200 பவுண்ட். அதுவும் வாடகைதான், பெயர் மட்டும் வேறு. இரண்டையும் கூட்டித்தான் 'ஃப்ரீ ஆஃப் டை' (டை இல்லாத) இடத்தின் வாடகையோடு ஒப்பிட வேண்டும். 500 அல்லது அதற்கு மேற்பட்ட டை பப்புகள் வைத்திருக்கும் கம்பனிகளுக்கு 2016 முதல் பப்ஸ் கோட் என்ற சட்ட விதிமுறை பொருந்தும். வாடகை மறுபரிசீலனை, லீஸ் புதுப்பிப்பு போன்ற நேரங்களில் டை இல்லாமல் சந்தை வாடகை மட்டும் கட்டும் வழியைக் கேட்க அது உரிமை தருகிறது. சின்னக் கம்பனிகளிடம் அந்த உரிமை கிடையாது.

விற்பவர் காட்டும் வரவுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கடைசி 12 மாத வாட் (விற்பனை வரி) ரிட்டர்னும், சப்ளையரிடமிருந்து பாரல் கணக்கும் கேளுங்கள். ஒரு பாரல் 36 கலன், 288 பைன்ட். இத்தனை பாரல் வாங்கியவர் இவ்வளவு விற்றிருக்க முடியுமா என்று உடனே பிடிபட்டுவிடும். திருத்தம் முழுவதும் உங்கள் தலையில் என்ற லீஸ் என்றால், கையெழுத்துக்கு முன்பே கூரை, செல்லர் (பியர் வைக்கும் நிலவறை) கூலர், கிச்சன் புகை இழுக்கும் எக்ஸ்ட்ராக்ஷன் எல்லாவற்றையும் சர்வேயரைக் கொண்டு படத்தோடு பதிந்து லீஸில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஆள் விட்ட உடைசலுக்கும் கடைசியில் நீங்கள்தான் கட்டுவீர்கள். வேலையாட்களும் சட்டப்படி பழைய சம்பளம், சேவைக்காலம், மிச்ச லீவு எல்லாவற்றோடும் உங்களிடம் வருவார்கள். அவர்களின் விபரத்தை விற்பவர் 28 நாட்களுக்கு முன்பே தரக் கடமைப்பட்டவர்.

பப்பை முழு ரெஸ்டோரன்டாக மாற்ற 2017 முதல் கவுன்சிலின் பிளானிங் அனுமதி வேண்டும். ஆகவே பாரைத் தூக்கிவிட்டு மேசை போடலாம் என்ற கணக்கில் இடம் எடுக்காதீர்கள்.

லைசன்ஸில் இரண்டு உண்டு: இடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஆளுக்கானதுக்கு ஒரு நாள் கோர்ஸ், 40 கேள்விப் பரீட்சை, ஒரு மாதத்துக்கு உட்பட்ட டிபிஎஸ் (குற்றப் பதிவு) சான்று, 37 பவுண்ட் கட்டணம். இடத்தின் லைசன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 23, அந்த லைசன்ஸில் பெயர் உள்ள பொறுப்பாளரை (டெசிக்னேட்டட் பிரெமிசஸ் சூப்பர்வைசர்; இவரும் ஆள் லைசன்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும்) மாற்ற இன்னொரு 23. லைசன்ஸில் இப்படி ஒரு பொறுப்பாளர் இல்லாவிட்டால் ஒரு கிளாஸ் மது கூட விற்க முடியாது. மனேஜர் கோபித்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை இரவு இதன் அருமை விளங்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேருக்காவது ஆள் லைசன்ஸ் எடுத்து வையுங்கள்.

செல்லரை அண்ணாவும் நீங்களும் கையால் பழக வேண்டும். வெப்பம் 11 முதல் 13 பாகை செல்சியஸ். திறந்த காஸ்க் ஏல் (பீப்பாயிலேயே முதிரும் பியர்) மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். ஒரு காஸ்க், அதாவது 72 பைன்ட், அந்த மூன்று நாளில் ஓடாத இடத்தில் மூன்று கைப்பம்பு வைத்தால் பாதி சிங்கில்தான் போகும். பியர் லைனை (பியர் வரும் குழாயை) கிழமைக்கு ஒரு தரம் கழுவாவிட்டால் முதலில் நுரை கூடும், பிறகு புளிப்பு வரும், அதன்பின் வழமையான ஆட்கள் சொல்லாமல் பக்கத்துப் பப்புக்குப் போய்விடுவார்கள்.

இனி இரண்டாவது இடம். பலர் விழுவது இதில்தான், அதுவும் அநேகமாக வாட் காசில். கிழமைக்கு 12,000 பவுண்ட் வருகிறது என்றால் அதில் 2,000 அரசாங்கத்தினுடையது. 13 கிழமைக்கு 26,000. பியர் வாங்கும்போது கட்டிய வாட்டைக் கழிக்கலாம். ஆனால் அரிசி, இறைச்சி, மரக்கறிக்கு வாட் இல்லாததால் சாப்பாட்டில் கழிக்க அதிகம் கிடையாது. பாங்கில் நிற்கும் இந்தக் காசை லாபம் என்று எண்ணி அடுத்த பப்புக்கு முற்பணம் கட்டுவார்கள். காலாண்டு வந்ததும் இரண்டும் சேர்ந்து இழுபடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாட்டை வேறு அக்கவுன்டுக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் முதல் இடம் நீங்கள் நிற்காமலே மூன்று மாதம் லாபத்தில் ஓடினால், அப்போது இடம் தேடுங்கள், கார் ஓட்டம் கால் மணித்தியாலத்துக்குள்.

இடத்துக்கு ஒரு கம்பனி வைப்பது நல்லது. ஒன்று நொடிந்தால் மற்றது தப்பும். ஆனால் ஒவ்வொரு லீஸுக்கும் நீங்களே தனிப்பட்ட காரன்டி போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. கம்பனிகள் கூடினால் சின்ன லாபத்துக்கு உள்ள 19 வீதக் கம்பனி வரிக்கான 50,000 பவுண்ட் எல்லையும் பங்கு பிரியும்: நாலு கம்பனி என்றால் ஆளுக்கு 12,500. எம்ப்ளோயர் என்ஐ (ஆட்களுக்காக முதலாளி கட்டும் நஷனல் இன்ஷூரன்ஸ்) சலுகையான 10,500 பவுண்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். கணக்காளரோடு இதை முதல் கம்பனி பதிய முன்பே கதையுங்கள்.

ஆட்கள் விஷயத்தில் இறுக்கமாக இருங்கள். வேலை உரிமை இல்லாத ஒருவரை வைத்தால் முதல் தடவையே தலைக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம், லைசன்ஸும் மறுபரிசீலனைக்குப் போகலாம். சொந்தக்காரப் பெடியன் என்றாலும், முதல் ஷிஃப்டுக்கு முன் ஷேர் கோடை (விசா உள்ளவர் தன் வேலை உரிமையை ஒன்லைனில் காட்டத் தரும் இலக்கம்) பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள்.