ராலின் பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கட்டுரையில், வட அமெரிக்காவின் அபெனாக்கி பழங்குடியினரோடு வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார் செபாஸ்டியன் ராலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்தேன். ஒருவர் தியாகி என்கிறார், இன்னொருவர் பிரெஞ்சுக் கையாள் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1722 ஜனவரியில் ஆங்கிலேயப் படை, ரால் வாழ்ந்த அபெனாக்கி கிராமமான நாரிட்ஜ்வாக்குக்குள் புகுந்தபோது ரால் காட்டுக்குள் ஓடித் தப்பினார். அவருடைய பெட்டி மாட்டிக்கொண்டது. உள்ளே கியூபெக்கிலிருந்த பிரெஞ்சு ஆளுநரின் கடிதங்கள். ஆக, ஒன்றும் தெரியாத சாமியார் என்று அவருக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அவர் தூண்டிவிட்டுத்தான் அபெனாக்கிகள் கிளர்ந்தார்கள் என்று பாஸ்டனிலிருந்த ஆங்கிலேயர்கள் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். கென்னபெக் ஆற்றங்கரையில், தங்கள் மண்ணில், கோட்டையும் குடியேற்றமும் முளைப்பதைப் பாதிரியார் வந்து சொல்லியா அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

அந்தப் பெட்டியோடு இன்னொன்றும் போயிற்று: 1691 முதல் அவர் எழுதிவந்த அபெனாக்கி அகராதி. தினமும் குடிசைகளில் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொற்கள். உதடு அசையாமல் தொண்டையிலிருந்து வரும் ஒலிகள் படாதபாடு படுத்தின. 'வ'வுக்கும் 'ஊ'வுக்கும் நடுவே ஒலித்த ஒன்றை 8 என்ற குறியால் எழுதினார். முப்பது வருட உழைப்பு! 1833இல்தான் அச்சேறியது. கையெழுத்துப் பிரதி இப்போது ஹார்வர்டில்.

1724 ஆகஸ்டில் படை மறுபடி வந்தது. ராலைக் கொன்று, தலைத்தோலை உரித்து பாஸ்டனுக்கு எடுத்துச் சென்றார்கள். கிராமமும் கோயிலும் எரிந்தன. தப்பியவர்களில் பலர் கனடா பக்கம் போனார்கள்.

எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. 1723இல் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், போன புதிதில் அவர்கள் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். அவர் முகம் சுளித்ததைப் பார்த்த அவர்கள், மனதை அடக்கிச் சாப்பிடு, கண்ணால் காணாததை நம்ப நாங்களும் மனதை அடக்கித்தானே ஆகவேண்டியிருக்கிறது என்றார்களாம். தான் மடக்கப்பட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் இறைச்சி பழகவில்லை. கடைசிவரை இடித்த சோளத்தில் காய்ச்சிய கஞ்சிதான், கொஞ்சம் மேப்பிள் சர்க்கரை போட்டு.

பாரிஸில் இயேசு சபையார் அச்சிட்ட கடித வரிசையில்தான் இதுவும் வந்தது. நம் மதுரை மிஷன் கடிதங்களும் அதே வரிசைதான். கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.