அக்கா பார்த்துக்கொள்வாள்

அன்புள்ள ஐயா,

நான் பல்கலைக்கழக அணி வரைக்கும் கூடைப்பந்து ஆடியவன். முழங்கால் தசைநார் கிழிந்ததோடு ஆட்டம் முடிந்தது. இப்போது முப்பது வயது. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. அவ்வளவுதான்.

சமீபத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பைசன் டெலே பற்றிப் படித்தேன். புகழின் உச்சத்தில், கையில் இருந்த ஒப்பந்தத்தில் மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல் பாக்கி இருக்க, உதறிவிட்டுக் கடலுக்குப் போனவர். எனக்கு அவர் இந்தக் காலத்துச் சித்தார்த்தனாகத் தெரிகிறார். அவர் செய்தது துறவா, நோயா? வீரர்களை இப்படி ஆக்குவது விளையாட்டு வணிகம்தானா? பசிபிக்கில் காணாமல் போனதுகூட ஒரு வகையில் அவர் தேடிய விடுதலைதானோ?

எனக்கும் சில மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கிறது. அம்மாவை அக்கா பார்த்துக்கொள்வாள். துறவு பற்றி வாசிக்கச் சில நூல்கள் சொல்ல முடியுமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் பைசன் டெலே விவகாரத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவரைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள். என்னால் அவருடைய அம்மாவைத் தாண்டி நகர முடியவில்லை. இந்தப் பதில் அதனால்தான். இல்லாவிட்டால் துறவு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் எழுதுவதில்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-ல் பிறந்தபோது அவர் பெயர் பிரையன் வில்லியம்ஸ். 1991-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குள் வந்து ஆர்லாண்டோ, டென்வர், லாஸ் ஏஞ்சலஸ் என்று சுற்றினார். 1997-ல் லீக் ஆட்டங்கள் ஒன்பதே மிச்சமிருந்தபோது சிகாகோ புல்ஸில் சேர்ந்து, மைக்கேல் ஜோர்டானோடு சாம்பியன் பட்டமும் வாங்கினார். அதே ஆண்டு டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை ஏழு வருடத்துக்கு நான்கரைக் கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அடுத்த ஆண்டு, தன் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி வேர்களையும் ஆப்பிரிக்க வேர்களையும் மதித்துப் பெயரை மாற்றிக்கொண்டார். 1999-ல் முப்பது வயதில் விலகிக்கொண்டார். அப்புறம் லெபனான், ஆஸ்திரேலியா, கடைசியில் தென் பசிபிக்.

2002 ஜூலையில் அங்கே டஹீட்டித் தீவிலிருந்து தன் சொந்தப் படகில் கிளம்பினார். கூடவே அவருடைய தோழி, பிரெஞ்சுக்காரரான படகுக் கேப்டன், அப்புறம் அண்ணன் மைல்ஸ் டபோர்ட். ஜூலை 8-க்குப் பிறகு அண்ணனைத் தவிர மற்ற மூவரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. 20-ஆம் தேதி படகு டஹீட்டிக்குத் திரும்பியது. அதில் அண்ணன் மட்டும் இருந்தார். செப்டம்பரில் அவர் ஃபீனிக்ஸ் நகரில் தம்பியின் பெயரில், தம்பியின் பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் தங்கம் வாங்கப் பார்த்தார். போலீஸ் பிடித்து விசாரித்தது, தம்பிக்காகத்தான் வாங்குகிறேன் என்றார், விட்டுவிட்டார்கள். படகைத் தேடிக் கண்டுபிடித்தபோது பெயர்ப்பலகையைக் காணோம். குண்டு துளைத்த இடங்களோ என்று சந்தேகப்படும்படி சில ஓட்டைகள் பூசி அடைக்கப்பட்டிருந்தன. அதற்குள் டபோர்ட் மெக்சிகோ எல்லைப் பக்கம் இன்சுலினை அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டு கோமாவில் கிடந்தார். நினைவு திரும்பாமலே செப்டம்பர் 27 அன்று இறந்துபோனார். மற்ற மூவரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதில் விடுதலை எங்கே இருக்கிறது ஆர்.? ஒரு மனிதர் பெரும்பாலும் கொலை செய்யப்பட்டிருக்கிறார். அவரோடு இன்னும் இரண்டு பேர். அந்தப் பெண்ணும் அந்தக் கேப்டனும் எந்த உண்மையையும் தேடிக் கடலுக்குப் போகவில்லை. கேப்டன் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போனவர். உங்கள் கடிதத்தில் அவர்கள் இருவரும் இல்லவே இல்லை. எவனோ ஒருவனுடைய ஞானத் தேடலின் கதையில் துணைப் பாத்திரமாகச் சாவதைவிட மோசமான சாவு ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். படகில் நடந்ததற்கு நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்குமூலம். அது டபோர்ட் தன் தோழியிடம் சொன்னது. அதன்படி, சண்டை நடந்தது. தம்பியின் தோழி தவறி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தாள். இதை வெளியே சொல்லியே தீர வேண்டும் என்ற கேப்டனைத் தம்பி கொன்றான். தன் உயிரைக் காத்துக்கொள்ள அண்ணன் தம்பியைச் சுட்டான். உடல்கள் கடலுக்குப் போயின. புலனாய்வு செய்தவர்கள் இதை நம்பவில்லை. மூன்று பேரையும் டபோர்டே கொன்றிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. வழக்கு நடக்கவில்லை, நடத்த ஆளும் இல்லை.

இப்போது அந்த அம்மாவின் இடத்தில் நின்று பாருங்கள். மூத்தவன் சொன்னதை நம்பினால் இளையவன் ஒரு அப்பாவியைக் கொன்றவன். நம்பாவிட்டால் மூத்தவன் மூன்று பேரைக் கொன்றவன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் பெற்ற ஒருவனைக் கொலைகாரன் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். எதையும் நம்பாமல் சும்மா இருக்கவும் முடியாது, ஏனென்றால் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒருவனுக்காக அழுதால் அது இன்னொருவன் மேல் சுமத்தும் குற்றச்சாட்டாகிவிடுகிறது. இரண்டு மகன்களும் அவள் வைத்த பெயரை முன்பே விட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்; டபோர்டும் பிறக்கும்போது கெவின் வில்லியம்ஸ்தான். நாம் உட்கார்ந்து துறவா நோயா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். நோய் இருந்தது. ஆர்லாண்டோவில் ஆடிய நாட்களிலேயே கடுமையான மனச்சோர்வு இருந்தது. உயிரை விடவும் முயன்றிருக்கிறார். அது பின்னால் வெளிப்படையாகவே பேசப்பட்டது. நோயுள்ளவன் ஊர் சுற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தை விட்டதில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. விளையாட்டு வணிகம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அதைத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சித்தார்த்தனை மட்டும் என்னால் விட முடியாது. மனைவி தூங்கும்போது கிளம்பிப் போனது வரைதான் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை வீட்டுக் கதவைச் சாத்தாமல் போயிருக்கிறார்கள்! அவர் புத்தராகித் தன் ஊரான கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்தார். அப்போது தம்பி நந்தனும், மகன் ராகுலனும் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அப்பா சுத்தோதனர் வந்து நிற்கிறார். நீ போனபோது எனக்குத் துயரம் சின்னதாக இல்லை, நந்தன் போனபோதும் அப்படித்தான், ராகுலன் போனதோ தாங்க முடியவில்லை என்கிறார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து, மஜ்ஜை வரை போகிறது என்று ஒரு கிழவர் தன் மகனிடம் சொல்கிறார். பெற்றோர் அனுமதியில்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்று கேட்கிறார். புத்தர் அதைத் தத்துவம் பேசி மறுக்கவில்லை. விதியாகவே போட்டுவிட்டார். பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் இருக்கிறது. அதாவது, நீங்கள் மேற்கோள் காட்டும் ஆளிடமே போய்ச் சேர்ந்தாலும் அவர் முதலில் வீட்டில் கேட்டாயா என்றுதான் விசாரிப்பார்.

விளையாட்டு வீரர் காணாமல் போவது என்றால் எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. ஜப்பானின் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதி வழியில் மயங்கியவர், நடுவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஓட்டத்தைப் பொறுத்தவரை ஆள் காணவில்லை. 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அழைத்து வந்து எல்லைக்கோட்டைத் தொட வைத்தார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில மணி நேரம். இடையில் கல்யாணமாகி ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் வீட்டுக்கு அவர் ஒருநாளும் காணாமல் போகவில்லை. நடுவர்களிடம் சொல்லாமல் எங்கே வேண்டுமானாலும் போங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது உங்கள் அக்கா. உங்கள் கடிதத்தில் அவர் வருவது மூன்றே சொற்களில்: 'அம்மாவை அக்கா பார்த்துக்கொள்வாள்.' அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வீரன் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், செலவு, பயணம் எல்லாம் அவனைச் சுற்றித்தான். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஊழியம் செய்யும் குழுவாகிவிடுவார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆசையாகத்தான் செய்வார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வீரனுக்கு வெறுமை வருகிறது, அதைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். குழுவுக்கு என்ன வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. டபோர்டைப் பற்றிப் படிக்கும்போதும் இதுதான் எனக்குப் பட்டது. மூத்தவர், ஆஸ்துமாக்காரர், தம்பி நட்சத்திரம். நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. மூன்று பேர் செத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையை எழுதியவர்கள் எல்லோரும் தம்பியின் மனதுக்குள் புகுந்து பார்த்த அளவில் பாதிகூட அண்ணனுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. மகன் நானூறு மீட்டர் ஓட்டக்காரன். காயம், குடி, கடன் என்று ஒவ்வொன்றாக வந்து ஒருநாள் காலையில் வெளியே போனவன் வரவில்லை. அவன் தங்கையை எனக்கு நன்றாகத் தெரியும். அடையாளம் தெரியாத உடல் கிடைத்ததாகப் போலீஸ் கூப்பிடும்போதெல்லாம் போய்ப் பார்த்தது அவள்தான். முதல் தடவை மட்டும் அப்பா கூடப் போனார், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு ஊரில் நல்ல வேலை வந்தபோது அவளால் போக முடியவில்லை. அம்மா வீட்டை மாற்ற விடவில்லை. 'அவன் வந்தா எந்த வீட்டுக்கு வருவான்?' என்று ஒரே கேள்வி. அதற்கு யார் பதில் சொல்வது? போன் நம்பரையும் மாற்றவில்லை. அவன் சட்டைகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று ஒருமுறை சொன்னதற்கு, அண்ணனை நீயே கொன்றுவிட்டாய் என்று அம்மா ஒரு மாதம் பேசவில்லை. என்னிடம் ஒருநாள் சொன்னாள்: 'செத்துட்டான்னு தெரிஞ்சா ஒரு தடவை நல்லா அழுதுடுவேன் சார். அப்படி நினைக்கிறேனேன்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.'

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர். தெளிவில்லாத இழப்பு என்று இதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். இறந்தவருக்காகத் துக்கப்படுவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். இவர்களுக்கு அந்தத் தொடக்கமே கிடைப்பதில்லை. மனம் உறைந்து நிற்பது அவர்களுடைய பலவீனத்தால் இல்லை, அவர்கள் நிறுத்தப்பட்டிருக்கும் இடம் அப்படிப்பட்டது என்பது அவருடைய வாதம். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, பெயராவது இருக்கிறதே என்றாள்.

இந்த இடத்தில்தான் உங்கள் அக்காவை நிறுத்திவிட்டுக் கிளம்பப் பார்க்கிறீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதோடு முடியாது. உங்களைத் தேடுவதும் அவர் வேலை, உங்களுக்காகக் காத்திருக்கும் அம்மாவிடம் தினமும் பொய் சொல்வதும் அவர் வேலை. நீங்கள் ஏதோ மலையடிவாரத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். இதற்குப் பேர் விடுதலை என்று என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். வந்துவிட்டது.

நூல் பட்டியல் தர மாட்டேன். சில மாதங்களாக இப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிய காலமெல்லாம் உடம்பு கேட்டதெல்லாம் கொடுத்தவர் நீங்கள், மனதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? இந்த வாரமே போங்கள். எனக்கு எழுதிய கடிதத்தை அக்காவிடம் காட்டுங்கள், அந்த மூன்று சொற்களோடு சேர்த்து. திட்டுவார். திட்டட்டும். அப்புறம் உண்மையிலேயே எங்காவது போகத் தோன்றினால் லீவு போட்டுவிட்டு, எங்கே இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் போய்விட்டு வாருங்கள். முழங்காலுக்கு ஃபிசியோதெரபி பாதியில் விட்டிருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். அதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.