ரூட்டரை விடாமல் கோடிங் படிக்க முடியுமா?

கேள்வி: நெட்வொர்க் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன், சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ முடித்திருக்கிறேன். இப்போது எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் கோடிங் தெரியுமா என்கிறார்கள். அதில் இறங்கினால் கற்ற நெட்வொர்க்கிங் மறந்துவிடுமோ என்று பயம். ஜாவாவா, பைத்தானா? இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், தாம்பரம்

பதில்: பைத்தான். இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம், ரூட்டர்களுக்குத் தானாகக் கட்டளை அனுப்புகிற நெட்மிகோ, ஆன்சிபிள் என்று உங்கள் துறைக்கான கருவிகளே பைத்தானில் எழுதியவைதான். சிசிஎன்ஏ 200-301 தேர்விலேயே ஆட்டோமேஷனுக்கு, அதாவது நெட்வொர்க் வேலைகளைப் புரோகிராம் வைத்துத் தானாக நடத்துவதற்கு, 10 சதவீதம் உண்டு. பெரும்பாலானோர் அதை மனப்பாடம் செய்து தாண்டிவிடுகிறார்கள்.

காலையில் கோடிங், மாலையில் நெட்வொர்க்கிங் என்று டைம்டேபிள் போட்டால் ஷிஃப்ட் மாறுகிற முதல் வாரத்திலேயே இரண்டும் நின்றுவிடும். அதனால் நீங்கள் எழுதுகிற புரோகிராம் எல்லாமே நெட்வொர்க்கைப் பற்றியதாக இருக்கட்டும். வீடியோக்களில் வருகிற மாணவர் மார்க் பட்டியல் உங்களுக்கு வேண்டாம். 192.168.10.77/26 என்று கொடுத்தால் (/26 என்றால் முதல் 26 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்) நெட்வொர்க் முகவரி 192.168.10.64, எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே சமயத்தில் அனுப்புகிற பிராட்காஸ்ட் முகவரி 192.168.10.127, நடுவில் சாதனங்களுக்கு 62 முகவரி (ஹோஸ்ட்) என்று சொல்கிற புரோகிராமில் ஆரம்பியுங்கள். பைத்தானோடு வருகிற ஐபிஅட்ரஸ் மாட்யூல் இதை நொடியில் சொல்லிவிடும், அதனாலேயே முதலில் அதைத் தொடாமல் பிட் கணக்கை நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சாக்கெட், அதாவது இரண்டு புரோகிராம்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்கிற வாசல். இங்கேதான் நீங்கள் மற்ற புரோகிராமர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறீர்கள். சின்னதாக ஒரு டிசிபி சர்வர், ஒரு கிளையன்ட் எழுதி, நெட்வொர்க்கில் போகிற பாக்கெட்டுகளைக் காட்டுகிற வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கனெக்ட் என்கிற ஒரே வரிக்கு இணைப்பைத் தொடங்கி வைக்கிற சின், சின்-ஆக், ஆக் பாக்கெட்டுகள் மூன்றும் வரிசையாகத் திரையில் விழும். இரண்டு தடவை அனுப்பியது மறுமுனையில் ஒரே ரிசீவில் ஒட்டிக்கொண்டு வந்தால் புதிதாகக் கோடிங் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார், டிசிபி வெறும் பைட் ஓட்டம், செய்திக்குச் செய்தி எல்லை போடாது என்று உங்களுக்குத்தான் தெரியுமே! இணைப்பு இருக்கும்போது சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று லினக்ஸ் முரண்டு பிடிக்கும். பழைய இணைப்பு, மூடிய பிறகும் காத்திருக்கிற டைம்-வெயிட் நிலையில் 60 விநாடி நிற்பதுதான் காரணம். பாடத்தில் படித்ததைக் கையில் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் பழகியதும் கம்ப்யூட்டரிலேயே ரூட்டர்களை ஓட்டிப் பார்க்க உதவும் ஜிஎன்எஸ்3-இல் லேப் போட்டு, நெட்மிகோ வழியாக எல்லா ரூட்டரின் ரன்னிங் கான்ஃபிகையும் (இப்போது நடப்பில் இருக்கிற அமைப்புகள்) எடுத்துத் தேதி போட்டுச் சேமித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று காட்டச் சொல்லுங்கள். ஆபீஸ் சாதனங்களில் அனுமதி இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் கொஞ்ச நாள், எதையும் மாற்றாமல் நிலையை மட்டும் காட்டுகிற ஷோ கமாண்ட் மட்டும் போதும், பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்கும் வேலையும் வேண்டாம்.

ஒன்று மட்டும் ஸ்கிரிப்ட் எழுதி வராது: பழுது கண்டுபிடிக்கிற கை. வாரத்தில் ஒரு நாள் லேபில் நீங்களே எதையாவது கெடுத்துச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறைத்தால், ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்கிற ஓஎஸ்பிஎஃப்-இல் நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அப்புறம், உங்கள் சிசிஎன்ஏ 3 வருஷம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏஐயே ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறதே, நான் ஏன் கோடிங் கற்க வேண்டும்?
- வாசகர், ஓசூர்

பதில்: எழுதித் தரும், நன்றாகவே தரும். அது தந்ததைப் படித்துப் பார்க்க யாராவது வேண்டாமா? /26-க்கு ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எழுதும்போது சிஸ்கோ ரூட்டரில் 0.0.0.63 என்று வைல்ட்கார்டு மாஸ்க் (சப்நெட் மாஸ்கைத் தலைகீழாக்கியது) போட வேண்டும், அதே சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் 255.255.255.192 என்று சப்நெட் மாஸ்கையே போட வேண்டும். இதை மாற்றிப் போட்ட ஸ்கிரிப்டை ஒரே சமயத்தில் 40 ரூட்டரில் ஓட்டிவிட்டால், அன்று ராத்திரி மேனேஜர் போன் செய்யப் போவது ஏஐக்கு இல்லை, உங்களுக்குத்தான்.