ஆமை முட்டையைக் கண்டால் எடுத்து வைக்கலாமா?

கேள்வி: அதிகாலையில் பொதுக் கடற்கரையில் நடப்பது வழக்கம். சில நாள்களில் ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் தெரிகிறது. நாய்கள் தோண்டிவிடும் என்று பயமாக இருக்கிறது. முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைக்கலாமா? இரவில் ஆமையை நேரில் பார்த்தால் என்ன செய்வது?

பதில்: எடுக்காதீர்கள். விடியற்காலையில் நீங்கள் பார்க்கும்போது, முட்டையிட்டுப் பல மணி நேரம் ஆகியிருக்கலாம். தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் கரு வளராமல் நின்றிருக்கும். மணலுக்கு வந்ததும் வளர்ச்சி மறுபடி தொடங்கி, சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்சவ்வில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். கோழி தன் முட்டையைப் புரட்டிக்கொண்டே அடைகாக்கும். ஆமை முட்டை அதற்கு நேர் எதிர். வெளியே பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும், பொரிக்காது, அவ்வளவுதான்.

குச்சியால் குத்திப் பார்ப்பது அதைவிட மோசம். ஒரு முட்டை உடைந்தாலே எறும்பு ஏறும், அந்த வாடைக்கு நாயும் வரும். தடத்தை மிதித்து அழிக்காமல், கூட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஓர் அடையாளம் வைத்து, வனத்துறைக்கோ அனுமதி பெற்ற பாதுகாப்புக் குழுவுக்கோ உடனே சொல்லுங்கள். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதை அவர்கள்தான் செய்ய வேண்டும். நாய்த் தொல்லைக்குப் பெரும்பாலும் கூட்டின்மேல் கம்பிவலையைப் படுக்கவைத்து ஓரங்களை மணலில் புதைத்தாலே போதும். குஞ்சு நுழைந்து வெளிவர 5×10 செ.மீ. கண் தேவை, கோழிக்கூண்டுக்குப் போடும் சின்னக் கண் வலையில் குஞ்சுகள் சிக்கிக்கொள்ளும்.

இரவில் ஆமை ஏறிவந்தால் அப்படியே நில்லுங்கள். டார்ச், செல்போன் திரை எல்லாம் அணையட்டும். குறைந்தது 15 மீட்டர் தள்ளி, அதன் பின்பக்கமாக இருங்கள். முட்டையிடத் தொடங்கும் முன் ஆள் நடமாட்டமோ வெளிச்சமோ தென்பட்டால் குழியைப் பாதியில் விட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். கண்ணில் நீர் வழிகிறதே என்று பதற வேண்டாம், உடம்பில் சேர்ந்த உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுகிறது.

என்னைக் கேட்டால், நாயைவிட விளக்குக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் இரவில் வெளிவரும் குஞ்சுகள், தாழ்வாக வெளிச்சம் தெரியும் அடிவானத்தைத்தான் கடல் என்று நம்பி ஓடும். வெள்ளை விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் போய்விடும். கரையோரக் கட்டடங்களில் விளக்கைத் தாழ்வாக மாட்டி, கடல் பக்கம் மறைத்து, 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆம்பர் அல்லது சிவப்பு எல்இடி போடச் சொல்லுங்கள். சோதிப்பது சுலபம்: இரவில் கூட்டருகே மணலில் தலையைத் தாழ்த்திப் பாருங்கள். பல்ப் கண்ணில் பட்டாலோ, நின்றால் உங்கள் நிழல் மணலில் விழுந்தாலோ அந்த விளக்கு ஆகாது.

முட்டையிட்ட தேதியைக் குறித்துவையுங்கள். பெரும்பாலும் 45 முதல் 60 நாளுக்குள் பொரிக்கும். அந்த வாரங்களில் மாலைதோறும் சிறுவர்கள் தோண்டிய குழி, வண்டிச் சக்கரத் தடம் ஆகியவற்றை மூடுங்கள். இரண்டு விரல் அகலக் குஞ்சுக்குச் சக்கரத் தடமே பெரிய பள்ளம். விழுந்தால் அதிலேயே ஓடிக் களைத்துப்போகும். வழி சரியாக இருந்தால் தானே நடந்து கடலில் இறங்கட்டும். பகலில் வழிதவறிய குஞ்சு கிடைத்தால், ஈர மணல் பரப்பிய வாளியில் நிழலில் வைத்துத் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். உடனே நீந்தத் தொடங்கி, ஆழ்கடலுக்குப் போகத் தேவையான பலத்தை வாளிக்குள்ளேயே தீர்த்துவிடும்.

குஞ்சுகள் போனபின் மணல் கிண்ணம்போல் உள்வாங்கும். அதையும் கிளற வேண்டாம், பின்தங்கியவை அடுத்த இரண்டு மூன்று இரவுகளில் ஒவ்வொன்றாக ஏறிவரும்.