உளி தெறிக்கிறதா, மடங்குகிறதா?

அன்புள்ள ஐயா,

பொழுதுபோக்காக மரவேலை செய்கிறேன். ஊர்ப் பட்டறையில் பழைய லாரிப் பட்டாவை, அதாவது வண்டிக்கு அடியில் இருக்கும் வில் தகட்டைக் கொடுத்து அரை இஞ்சு உளி ஒன்று அடித்து வாங்கினேன். வேப்பங்கட்டையில் நாலு தட்டு தட்டியதுமே வாய் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது. கொல்லரிடம் கேட்டால் "நல்ல இரும்பு தம்பி, அதான்" என்கிறார். நண்பர்களோ பட்டா உளிக்கே ஆகாது, கம்பெனி உளி வாங்கு என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

ஏமாறவில்லை, முக்கால்வாசி முடிந்த உளியை வாங்கி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பட்டா நல்ல எஃகு. நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி (கார்பன்) இருக்கும், உளிக்கு அது போதும். கரி இன்னும் கூடுதலாக உள்ள கம்பெனி உளிகளில் கூர் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், அதையும் மறுக்கவில்லை.

சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் வாய் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினம்தான், ஆனால் தட்டினால் தெறிக்கும். அதைத் திரும்ப லேசாகச் சுட வைத்து அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். உங்கள் உளியில் விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பா பட்டறையை எப்போதும் அரை இருட்டாக வைத்திருப்பார், சின்ன வயதில் நான் அதைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து என்றே நினைத்திருந்தேன். உலையில் இரும்பு எந்தச் சிவப்பில் இருக்கிறது என்பது வெயிலில் தெரியாது, அதற்குத்தான் இருட்டு. ஆனால் தண்ணீரில் முக்கி எடுத்த உளியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, நடுப்பகுதியை மட்டும் சூடு காட்டி, வாசல் வெளிச்சத்துக்கு ஓடி வருவார். சூடு ஏற ஏற இரும்பின் மேல் வைக்கோல் நிறம், பழுப்பு, கத்தரிப்பூ, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாயை நோக்கி நகரும். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்ததும் தண்ணீர். அரிவாள் என்றால் கத்தரிப்பூ வரை விடுவார், கணுவிலும் தேங்காயிலும் அடி வாங்க வேண்டியதாயிற்றே.

வீட்டில் கேக் சுடும் ஓவன் இருந்தால் வேலை சுலபம். 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், பிடியைக் கழற்றிவிட்டு. அப்புறம் தெறித்த பகுதியைக் கல்லில், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தயவுசெய்து கிரைண்டர் வேண்டாம். அதில் வைத்து வாய் நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, பிறகு தெறிக்காது, மடங்கும். இனி எந்த உளி வாங்கினாலும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: தெறித்தால் தணித்தது போதவில்லை, மடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் தெறித்தால், பட்டாவிலேயே மயிரிழை விரிசல் இருந்திருக்கலாம். பல வருஷம் லாரியைச் சுமந்த இரும்பு அது. அப்படியானால் வேறு துண்டு கொண்டுபோங்கள், தணித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். போன தடவை பேரம் பேசியிருப்பீர்கள், தெரியும்.